பட்டிக்காரரைக் கேட்டுவிட்டுக் கூடாரம் அடியுங்கள்

முகநூலைத் திறந்தால் இப்போது குடும்பிமலைதான். நாலு பொடியன்மார், ரெண்டு மோட்டார் சைக்கிள், ஒரு கூடாரம், பின்னால் மாலை வெயிலில் பாறை. படத்துக்கு மேலே, "கட்டணம் இல்லை, அனுமதி தேவையில்லை, ஆளே இல்லை. மட்டக்களப்பில் இப்படியும் ஒரு இடம்!" கீழே லொக்கேஷன். அதுக்கும் கீழே "மச்சான், அடுத்த லீவுக்கு நாங்களும்" என்று வரிசையாக ஆட்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காட்டில் இரவு தங்குவதற்கு நான் எதிரி இல்லை. பத்து ஜீப்புக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கும் ஒரு யானையைப் படம் எடுத்துவிட்டு ஹோட்டலுக்குத் திரும்புவதைவிட, குழாயும் கரண்டும் கழிப்பறையும் இல்லாத இடத்தில் ஒரு ராத்திரி கிடந்துவிட்டு வருவது எவ்வளவோ மேல். போனில் சிக்னல் இல்லாமல் ஒருநாள் இருந்தால் யாரும் செத்துவிட மாட்டோம். எனக்குச் சண்டை "ஆளே இல்லை" என்ற அந்த ஒரு வரியோடுதான்.

ஆள் இருக்கிறது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்குப் பக்கமான படுவான்கரையில் மேற்கே போகப் போகக் காட்டோரமெல்லாம் மாட்டுப்பட்டிகள். பெரும்போகத்துக்கு வயல் விதைத்தவுடன் மாடுகளை மயிலத்தமடு, மாதவனைப் பக்கம் சாய்த்துக்கொண்டு போவதும், அறுவடை முடிந்தபின் திருப்பிக் கொண்டுவருவதும் இங்கே காலம் காலமாக நடப்பது. அந்த மேய்ச்சல் தரைக்காகத்தான் 2023 செப்டெம்பரில் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் வீதியோரம் கொட்டில் போட்டுப் போராட்டம் தொடங்கினார்கள். அவர்கள் தங்கள் மாட்டை மேய்க்கும் இடத்துக்காக வெயிலில் குந்தியிருந்தார்கள். நம்ம பிள்ளைகள் அதே திசையில் போய் நின்று "யாருமே இல்லாத காடு" என்று வீடியோ போடுகிறார்கள். பட்டிக்காரர் தங்கும் வாடியின் கூரையும் வீடியோவின் ஓரத்தில் தெரிகிறது. பார்க்கத்தான் கண் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. எங்கட பக்கத்தில் "காட்டில் படுக்கிறது" என்றால் ஐம்பது வயது தாண்டிய ஒருவருக்கு முதலில் ஞாபகம் வருவது யுத்தம் திரும்ப மூண்ட 1990. கூடாரம், சமையல் அடுப்பு, தலையில் மாட்டும் டோர்ச் எல்லாம் வாங்கிக்கொண்டு கிளம்பிய என் தம்பியைப் பார்த்து அம்மா கேட்டது இதுதான்: "நாங்க உயிரைக் கையில பிடிச்சிக்கிட்டு ஓடிப்போய்ப் படுத்த இடத்துக்கு நீங்க காசு செலவழிச்சிப் போறீங்களா மனே?" அதில் கோபம் இல்லை, உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டா. மட்டக்களப்பு மாவட்டம் கண்ணிவெடி அற்ற மாவட்டம் என்று அறிவிக்கப்பட்டதே 2017 இல்தான். இருபது வயதுப் பிள்ளை பயமில்லாமல் அந்தக் காட்டுக்குள் போகிறது என்பது எனக்குச் சந்தோசமான விசயம். அதனால்தான் இதைத் தடைசெய்யச் சொல்லி எழுதவில்லை.

சரி, இந்த ஆசை எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் அமெரிக்கக் காணொளிகளில் இருந்து. அங்கே தேசிய வனங்களில் பெரும்பாலான இடங்களில் காசு கட்டாமல், பதிவு செய்யாமல், வசதி எதுவும் இல்லாத இடத்தில் கூடாரம் அடிக்கலாம். ஒரே இடத்தில் 14 நாள் வரைக்கும் பொதுவாக விடுவார்கள். அந்தத் தேசிய வனங்களின் மொத்தப் பரப்பு நம்ம முழு இலங்கையைப் போல் பத்து மடங்குக்கும் மேல் என்பதை வீடியோக்காரர் யாரும் சொல்வதில்லை. நோர்வேயில் 1957 இலேயே சட்டம் போட்டு, ஆள் குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 மீற்றர் தள்ளி யாரும் படுக்கலாம் என்று உரிமையே கொடுத்துவிட்டார்கள். ஆனால் இந்த நாடுகளிலும் சும்மா விடவில்லை. தண்ணீர் இருக்கும் இடத்திலிருந்து அறுபது மீற்றராவது தள்ளிப்போய், பதினைந்து இருபது சென்ரிமீற்றர் ஆழத்துக்குக் குழி தோண்டி மலம் கழித்து மூட வேண்டும் என்பது அமெரிக்கக் காட்டுக்காரர்கள் பாலர் பாடம் போலச் சொல்லிக்கொடுப்பது. கரடி திறக்க முடியாத டப்பாவில் சாப்பாட்டைப் போட்டுக் கூடாரத்துக்குத் தூரமாக வைக்கச் சொல்வார்கள். இதில் பாதி நமக்கும் பொருந்தும். மீதி பொருந்தாது, ஏனென்றால் அங்கே யானை இல்லை.

யானைக்கு எந்த டப்பாவும் கணக்கில்லை. நெல்லும் உப்பும் இருக்கிறதென்று மணத்தால் அறிந்து வீட்டுச் சுவரையே தள்ளிவிட்டு வருகிற விலங்கு அது. உங்கள் நைலோன் கூடாரம் எந்த மூலைக்கு? அதிலும் படத்துக்கு அழகான இடம் எல்லாம் அதன் இடம். குளக்கட்டு, குளத்தின் உட்பக்கம் வற்றிக் கிடக்கும் புல்தரை, ஆற்று மணல், பாறைக்கு அடியில் மட்டமாகத் துப்புரவாகக் கிடக்கும் நிலம். அந்த நிலம் ஏன் துப்புரவாகக் கிடக்கிறது என்று யோசித்தீர்களா? அது வழி. பொழுது பட்டதும் தண்ணிக்கு இறங்கி வருகிற வழி. குடும்பிமலைப் பக்கம் ஒரு பட்டிக்கார ஐயா எங்களைக் கண்டதும் முதலில் கேட்டது பெயரையோ ஊரையோ அல்ல. "எங்க படுக்கப் போறீங்க தம்பி?" என்றார். நாங்கள் காட்டிய இடத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அது அதுகள்ட ரோட்டு. நீங்க ரோட்டில பாய் விரிப்பீங்களா?" அப்புறம் தன் வாடிக்குப் பக்கத்தில், காற்றுக்கு மறைவாக, மாட்டுச் சாணி மூட்டம் புகைந்துகொண்டிருந்த இடத்தில் படுக்கச் சொன்னார். புகையில் கண் எரிந்தது. படமும் நன்றாக வரவில்லை. நுளம்பு கடிக்கவில்லை, இரவு முழுக்க ஒரு பிரச்சினையும் இல்லை.

இந்த நாட்டில் அண்மைய வருடங்களில் ஆண்டுக்கு நூறுக்கும் மேற்பட்ட மனிதர்கள் யானையாலும், முந்நூறுக்கும் மேற்பட்ட யானைகள் மனிதர்களாலும் மற்றக் காரணங்களாலும் சாகின்றன. நீங்கள் இரவில் மிரட்டிவிட்ட யானை உங்களை விட்டுவிட்டு விடியும்போது யாருடைய வயலில் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வீட்டுக்குப் போய்விடுவீர்கள்.

கரடியை ஆட்கள் ஏனோ கணக்கெடுப்பதே இல்லை. ஆனி, ஆடி மாதத்தில் பாலைப்பழம் பழுக்கும். மட்டக்களப்பு வீதியோரத்தில் வாங்கித் தின்று உதடு ஒட்டிக்கொள்ளுமே, அதே பழம். நமக்கு எவ்வளவு விருப்பமோ கரடிக்கு அதைவிட விருப்பம், மரத்திலேயே ஏறிவிடும். நல்ல நிழல் என்று பாலை மரத்தடியில் கூடாரம் அடிப்பவன் கரடியின் சாப்பாட்டுக் கோப்பைக்குள் படுக்கிறான். யானையாவது சில நேரம் ஒதுங்கிப் போகும். திடீரென்று முட்டுப்பட்ட கரடி முகத்துக்குத்தான் பாயும் என்று காட்டில் திரிந்த எவரும் சொல்வார்கள். கட்டுத்துவக்கும் இருக்கிறது. பன்றிக்கும் மானுக்கும் திருட்டு வேட்டைக்காரர் கட்டிவைக்கும் அந்தத் துவக்குக்குக் கம்பியில் தட்டியது மானின் காலா மனிதன் காலா என்று தெரியாது. ஒற்றையடிப் பாதையை விட்டு "புது வழி கண்டுபிடிக்கிறோம்" என்று இறங்காதீர்கள் என்பதற்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

நெருப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வீடியோவில் நெருப்பு இல்லாத கேம்பிங் இல்லை. வைகாசி தொடங்கி கச்சான் காற்று அடிக்கும்போது படுவான்கரையில் புல் எப்படிக் கிடக்கும் என்று தெரியும்தானே. ஒரு பொறி போதும், மலைச்சரிவு முழுக்க ஏறிவிடும். அந்தப் புல்தான் மாட்டுக்கு அந்த மாதத்துச் சாப்பாடு. பட்டிக்காரர் மூட்டம் போடுவது வேறு, அது சுற்றிவரச் செருக்கி மண் தெரியும் இடத்தில், ஒரு ஆள் விழித்திருந்து பார்க்கும் நெருப்பு. நம்மாட்கள் போடுவது பியர் தலைக்கு ஏறியபின் ஆள் உயரத்துக்குப் போடும் நெருப்பு. காலையில் தணலை அப்படியே விட்டுவிட்டு வருகிறார்கள். ஸ்பீக்கர் கதையை எழுதினால் எனக்குப் பிரஷர் ஏறும், விடுங்கள்.

இதையெல்லாம் சொன்னால் "அண்ணே, அப்ப இலங்கையில் இது சரிவராதா?" என்று கேட்கிறார்கள். ஏன் வராது? ஒவ்வொரு வருசமும் நம் கண்முன்னால் நடக்கிறதே. உகந்தையிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரையாக நடக்கிற சனம் என்ன செய்கிறது?

கதிர்காமக் கொடியேற்றத்தை ஒட்டிக் காட்டுப்பாதையைத் திறந்துவிட்டதும், யாழ்ப்பாணம் செல்வச்சந்நிதியிலிருந்து வாரக்கணக்கில் நடந்து வந்தவர்களும் மட்டக்களப்பு, அம்பாறைச் சனமும் ஒன்றாகக் குமணக் காட்டுக்குள் இறங்குகிறார்கள். வாகூரவட்டை, குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை, கட்டகாமம் என்று தங்கித் தங்கி, யால காட்டையும் கடந்து போகும் நடை அது. ஹோட்டல் இல்லை, கட்டில் இல்லை, கூடாரமும் பெரும்பாலும் இல்லை. மரத்தடியில் ஒரு சாரம் அல்லது பிளாஸ்டிக் விரிப்பு. எழுபது வயது ஆச்சி தலையில் அரிசி மூட்டையோடு நடக்கிறா. ஆயிரக்கணக்கில் போகிறார்கள், யானைக்காட்டுக்கு நடுவில்.

அது எப்படி நடக்கிறது? கூட்டமாக நடப்பார்கள், இருட்டுவதற்கு முன் நின்றுவிடுவார்கள், நிற்கிற இடம் பரம்பரையாக நின்ற இடம். ஒவ்வொரு குழுவிலும் முந்திப் போன ஒரு பெரியவர் இருப்பார், அவர் சொன்னால் மறுபேச்சில்லை. காட்டுக்குள் போனபின் ஒருவரை ஒருவர் "சாமி" என்றுதான் கூப்பிடுவது. குடி, இறைச்சி இல்லை. தண்ணீர் இருக்கிறதே, அதை ஒருதரம் பார்க்க வேண்டும். வற்றிய ஆற்று மணலில் முழங்கை ஆழத்துக்குக் கையாலேயே தோண்டுவார்கள். முதலில் ஊறுவது கலங்கல். அதைச் சிரட்டையால் அள்ளி வெளியே ஊற்றிவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். திரும்பவும் ஊறும், திரும்பவும் அள்ளி ஊற்ற வேண்டும். மூன்றாவது நாலாவது தரம் மணல் அடியில் படிந்து, குழிக்குள் கண்ணாடி போல் தெளிந்து நிற்கும். அவசரப்பட்டுக் கையை விட்டுக் கலக்கினவனைப் பக்கத்து ஆச்சி ஏசுவா. போகும்போது குழியை மூட மாட்டார்கள், பின்னால் வருகிறவர்களும் மற்ற உயிர்களும் குடிக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். யானையும் வரட்சியில் இப்படித்தான் மணலைத் தோண்டிக் குடிக்கிறது.

யாத்திரையிலும் இப்போது பிளாஸ்டிக் போத்தல் குவிகிறது. பௌசர் தண்ணீரும் இலவசச் சாப்பாட்டுத் தன்சலும் வந்தபின் ஊற்றுத் தோண்டத் தெரிந்தவர்களும் குறைகிறார்கள். மறைக்க ஒன்றுமில்லை. ஆனாலும் வசதியில்லாத காட்டில் இரவு தங்கும் பழக்கம் அமெரிக்காவில் இருந்து இறக்குமதி செய்ய வேண்டிய ஒன்றாக நமக்கு இல்லை. அதற்குரிய ஒழுங்கும் சேர்ந்தே இங்கே இருக்கிறது. யாத்திரைக்காரரிடமும் பட்டிக்காரரிடமும் தேனெடுக்கப் போகிறவரிடமும் இருக்கிறது. யூடியூப்பில் தேடுகிற பிள்ளைகள் தங்கள் மாமாவிடம் கேட்பதில்லை, அதுதான் எனக்கு எரிச்சல்.

சட்டத்தையும் சொல்ல வேண்டும். கல்லோயா, மதுறுஓயா, குமண மாதிரி தேசிய பூங்காக்களுக்குள் கண்ட இடத்தில் கூடாரம் அடிக்க முடியாது, வனஜீவராசிகள் திணைக்களத்தில் முன்பதிவு செய்து காசு கட்டிய முகாமிடத்தில்தான். 1937 ஆம் ஆண்டிலிருந்து இருக்கிற கட்டளைச் சட்டம் அது. ஒதுக்கக் காடு என்றால் வனத் திணைக்களம், அங்கே 1907 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம். அனுமதியில்லாமல் உள்ளே போவதும் நெருப்பு மூட்டுவதும் குற்றம். மகாஓயாப் பக்கம் நுவரகல மலைக்காட்டுக்குப் போகிற ஆட்கள் இதைத் தெரிந்துகொண்டு போகிறார்களா என்றால் பாதிப்பேருக்குத் தெரியாது. பிடிபட்டால் தெரியும்.

ஆனால் திணைக்களங்களும் ஒரு வழியைக் காட்ட வேண்டும். பணம் உள்ளவனுக்குப் பூங்காவுக்குள் சொகுசுக் கூடாரம், இல்லாதவனுக்குத் தடை என்றால் அவன் களவாகத்தான் போவான். களவாகப் போகிறவன் யாரையும் கேட்க மாட்டான், யாரிடமும் சொல்லிவிட்டும் போக மாட்டான். பூங்காக்களுக்கு வெளியே, காட்டோரத்தில் சில இடங்களைக் குறித்து, மாசி முதல் சித்திரை வரை மட்டும், ஒரு இரவுக்குச் சின்னக் குழு ஒன்று என்று விட்டால் என்ன? காட்டுக்குக் காசு வேண்டாம். அந்த ஊர்க்காரர் ஒருவரைக் கட்டாயம் கூட்டிப் போக வேண்டும், அவருக்கு நாட்சம்பளம் கொடுக்க வேண்டும். "அப்ப இலவசம் இல்லையே" என்று ஒருவர் ஏற்கனவே இன்பொக்ஸில் சண்டைக்கு வந்துவிட்டார். அவருடைய ஸ்லீப்பிங் பேக்கின் விலையை விசாரித்தேன். பட்டிக்கார ஐயா கிழமைக்கணக்கில் தயிர் விற்றால்தான் அந்தக் காசைப் பார்க்கலாம்.

லொக்கேஷன் போடுகிற பழக்கத்தை மட்டும் தயவுசெய்து இன்றைக்கே நிறுத்துங்கள். இடத்தின் பெயரைச் சொல்லுங்கள், மாவட்டத்தைச் சொல்லுங்கள், பிழையில்லை. கூகிள் மெப்பில் புள்ளி குத்திக் கொடுத்தால் வருகிறவன் ஊருக்குள் யாரிடமும் வழி கேட்காமல் நேரே பாறைக்கு ஏறிவிடுவான். வழி கேட்க நின்றால்தானே "எங்க படுக்கப் போறீங்க தம்பி" என்று அவனைக் கேட்க ஒரு ஆள் இருக்கும்.

அதனால் கொமெண்டில் அந்த வாடி எங்கே இருக்கிறது, ஐயாவின் நம்பர் என்ன என்று கேட்காதீர்கள். தரமாட்டேன். கிரான் பாலத்தைத் தாண்டி மேற்கே போங்கள், எந்தத் தேநீர்க்கடையிலும் நிறுத்திக் கேளுங்கள், சொல்லுவார்கள்.