ஐம்பது ரூபாய் சிடி

தொண்ணூறுகளின் கடைசியில் சென்னை ரிச்சி தெருவில் ஐம்பது ரூபாய்க்கு ஒரு திருட்டு சிடி வாங்கினேன். பக்கம் வடிவமைக்கிற, படம் திருத்துகிற பெரிய கம்பெனி மென்பொருள்களான பேஜ்மேக்கர், போட்டோஷாப், கோரல்டிரா மூன்றும் அதில் இருந்தன. கேட்காமலேயே ஒரு ஃபோல்டர் நிறையத் தமிழ் ஃபான்ட்டும். கம்ப்யூட்டரில் அச்சுக்கு வடிவமைத்துக் கொடுக்கிற எங்கள் டிடிபி கடையில் கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி எல்லாமே பல வருஷம் அந்த எழுத்தில்தான் ஓடின.

பேஜ்மேக்கருக்குக் காசு கொடுக்காதது எனக்கு இன்றுவரை உறுத்தவில்லை. அந்த ஃபோல்டர்தான் உறுத்துகிறது.

"அவன் கோடீஸ்வரன், நாம காப்பி அடிச்சா என்ன குறைஞ்சிடும்?" என்பார்கள். சரி, குறையாது. கூடத்தான் செய்யும். எப்படியும் திருடத்தான் போகிறார்கள், நம்முடையதையே திருடட்டும் என்று 1998-ல் சீனாவை வைத்து பில் கேட்ஸே பேசினார். கை பழகிவிட்டால் பின்னால் வசூலித்துக்கொள்ளலாம் என்று கணக்கு.

மென்பொருள் செய்கிற உள்ளூர்க்காரனுக்கு அவ்வளவு நாள் காத்திருக்க வசதி ஏது? பெரிய கம்பெனியோடு மோத அவனிடம் இருந்தது குறைந்த விலை ஒன்றுதான். பெரிய கம்பெனிச் சரக்கே ஐம்பது ரூபாய்க்குக் கிடைத்தால் அதுவும் போச்சு. அவன் சரக்கையும் நாம் சும்மா விடுவதில்லை.

தென் கொரியாவில் லீ சான் ஜின் என்ற மாணவர் நண்பர்களோடு சேர்ந்து 1989-ல் வெளியிட்ட 'ஹங்குல்' என்ற எழுதும் மென்பொருளை நாடே பயன்படுத்தியது, பெரும்பாலும் காப்பியாக. 1998 நிதி நெருக்கடியில் கம்பெனி தள்ளாடியது. இரண்டு கோடி டாலர் வரை தருகிறோம், ஹங்குலை நிறுத்திவிடுங்கள் என்றது மைக்ரோசாஃப்ட். விஷயம் வெளியே வந்ததும் ஊரே கொதித்தது. (கொதித்தவர்களில் எத்தனை பேர் வீட்டில் காப்பி இருந்ததோ!) ஒப்பந்தம் ரத்தானது. கொரிய விடுதலை நாளான ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி 'ஹங்குல் 815' என்று 10,000 வோனுக்கு (கொரிய நாணயம்) விற்றார்கள். லட்சக்கணக்கில் போனது.

இங்கே யாரும் கொதிக்கவில்லை. தமிழ் ஃபான்ட் விற்றவர்கள், காப்பி அடித்தால் ஓடாமல் இருக்க, பிரிண்டர் போர்ட்டில் சொருகுகிற டாங்கிள் என்ற பூட்டைக் கொடுத்துப் பார்த்தார்கள். அதையும் உடைத்தோம்.

ஒருநாள் ஃபான்ட் விற்கிற ஒருவர் கடைக்கு வந்தார். திரையில் ஓடிக்கொண்டிருந்தது அவர் வரைந்த எழுத்து. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றவர், "ஸ்ரீ சரியா விழுதா சார்? இந்த வெர்ஷன்ல அதுல ஒரு தப்பு இருந்துச்சு" என்று கேட்டார்.

விழுகிறது என்றேன். விழவில்லை. ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஸ்ரீயை வேறு ஃபான்ட்டிலிருந்து எடுத்துத்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.