எம்.ஃபில். கிளினிக்கல் சைக்காலஜி பட்டம் செல்லாதா?

“எம்.ஃபில். படிப்பை யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) ஒழித்துவிட்டது, அதனால் எம்.ஃபில். முடித்த கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டுகளின் (மருத்துவ உளவியலாளர்களின்) பட்டம் இனி செல்லாது” என்று பகிர்ந்திருக்கிறீர்கள். முதல் பாதி சரிதான். இரண்டாவது பாதி அதிலிருந்து வராது.

2022 நவம்பரில் அரசிதழில் வந்த யூஜிசியின் பிஎச்.டி. விதிமுறைகள், பல்கலைக்கழகங்கள் எம்.ஃபில். நடத்தக் கூடாது என்கின்றன. ஆனால் அதற்கு முன்பே தொடங்கிய எம்.ஃபில். படிப்புகளை இது பாதிக்காது என்றும் அதிலேயே இருக்கிறது. (பரபரப்புச் செய்திகளில் இந்த வரி மட்டும் எப்படியோ காணாமல் போய்விடுகிறது.) அப்புறம் 2024 ஜனவரியில், கிளினிக்கல் சைக்காலஜி, மனநல சமூகப்பணி ஆகிய இரண்டு எம்.ஃபில். படிப்புகளுக்கு மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை யூஜிசி நீட்டிப்பு கொடுத்தது. ஆக, அந்தத் தடைக்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கும் வழி இருந்தது.

யாரும் சரிபார்க்கலாம். யூஜிசி தளத்தில் 2022 பிஎச்.டி. விதிமுறைகளைத் திறந்து, எம்.ஃபில். பற்றிய பகுதியை முழுதாகப் படியுங்கள். 2024 ஜனவரி அறிவிப்பும் அங்கேயே கிடைக்கும். நீங்கள் பார்க்கப்போகும் ஒருவரைப் பற்றித்தான் சந்தேகம் என்றால், அவருடைய ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண்ணைக் கேளுங்கள். அந்தக் கவுன்சிலின் தளத்தில் பதிவேட்டைத் தேடிப் பார்க்க முடியும். எண்ணைக் கேட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.