மாத்திரை அட்டையை எண்ணிப் பார்த்தவர்

அப்பாவுக்குக் காசநோய் என்று தெரிந்தபோது மருத்துவர் எல்லாவற்றையும் சரியாகத்தான் சொன்னார். 6 மாதம், ஒரு நாள்கூட விடாமல் மாத்திரை. அப்பாவும் தலையாட்டிவிட்டு வந்தார். மூன்றாவது வாரத்தில் யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டார். ஒரே வீட்டில் இருந்த எங்களுக்கே அது தெரியாது.

கண்டுபிடித்தது எங்கள் பகுதிக்கு வரும் சுகாதாரப் பணியாளர் அக்கா. மாத்திரை அட்டையை வாங்கி எண்ணினார். திட்டவில்லை. என்னைக் கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அப்பாவிடம் பேசினார். சிறுநீர் சிவப்பாகப் போகிறதே, ரத்தமோ என்று அப்பா பயந்துபோயிருக்கிறார். பிள்ளைகளிடம் சொல்லக் கூச்சம், மருத்துவரிடம் கேட்கத் தயக்கம். “அது ரிஃபாம்பிசின் மாத்திரையோட நிறம் ஐயா, பயப்படாதீங்க” என்றார் அக்கா. அப்பா அதன் பிறகுதான் மூச்சு விட்டார். அன்றே மருத்துவமனைக்குத் தகவல் சொல்லிவிட்டார் அக்கா.

காசநோயில் இதுதான் ஆபத்தான நேரம். சில வாரங்களிலேயே இருமல் அடங்கும், பசி எடுக்கும், நோய் போய்விட்டது போலத் தோன்றும். கிருமி உள்ளேயேதான் இருக்கும். பாதியில் விட்டால் மருந்துக்கு மசியாத காசநோயாகத் திரும்பி வரலாம். அக்கா பேசிய அந்த அரை மணி நேரத்தை நான் மருத்துவம் என்றுதான் சொல்வேன். ஆனால் அவருடைய பதிவேட்டில் அதற்கு ஒரு கட்டம்கூட இல்லை. பார்த்த வீடு: 1. அவ்வளவுதான் எழுதினார்.

அன்றிலிருந்து என் மனதை அரிப்பது அந்தக் கட்டம்தான்.

மகாராஷ்டிராவின் கட்சிரோலியில் மருத்துவர்கள் அபய் பங், ராணி பங் இருவரும் ஓரளவே படித்த கிராமப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பிறந்த குழந்தையை வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டும். பால் குடிக்கும் வேகம் குறைகிறதா, அழுகை மெலிகிறதா, உடம்பு சில்லிடுகிறதா என்று கவனிக்க வேண்டும். கிருமித்தொற்று என்று கண்டால் அந்தப் பெண்களே ஊசியும் போட்டார்கள். மூன்றாவது ஆண்டில் பச்சிளங்குழந்தை இறப்பு 62 சதவீதம் குறைந்திருந்ததை 1999இல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்டது. குழந்தை நேற்று எப்படி அழுதது, இன்று எப்படி அழுகிறது என்று அடுத்தடுத்துப் போய்ப் பார்க்கும் ஒருவருக்குத்தான் தெரியும்.

வங்கதேசத்தின் பிராக் என்ற தொண்டு அமைப்பு செய்ததை இன்னும் வியப்போடு நினைத்துக்கொள்வேன். வயிற்றுப்போக்கில் குழந்தைகள் நீர் வற்றி இறந்துகொண்டிருந்த காலம். 1980 முதல் சுமார் பத்து ஆண்டுகளில் 1 கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போய், உப்பும் வெல்லமும் தண்ணீரும் கலந்து கரைசல் செய்யத் தாய்மாருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். எத்தனை வீட்டுக்குப் போனார் என்பதை வைத்து, சொல்லிக்கொடுத்த பெண்களுக்குச் சம்பளம் கணக்கிடவில்லை. பிறகு வேறொருவர் போய்க் கேட்கும்போது அந்தத் தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்பதை வைத்துக் கணக்கிட்டார்கள். எதை எண்ண வேண்டும் என்று யோசித்து எண்ணியிருக்கிறார்கள்!

இன்று பல இடங்களில் எண்ணப்படுவது தலைகள்தான். இந்தியாவில் வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளர்களுக்காக 2005இல் தொடங்கிய ஆஷா திட்டத்தில் சுமார் 10 லட்சம் பெண்கள் இருக்கிறார்கள். 2022இல் உலக சுகாதார அமைப்பு அவர்களுக்கு விருது கொடுத்துப் பெருமைப்படுத்தியது. ஆனால் பெயர் தன்னார்வலர், வருமானத்தில் பெரும்பகுதி ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக வரும் ஊக்கத்தொகை. ஊரே தன்னை நம்பி வாழும் ஒரு வேலையை ‘ஆர்வம்’ என்று பெயர் வைத்துக் குறைந்த கூலிக்கு வாங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. அதே உலக சுகாதார அமைப்புதான் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், வேலைக்கேற்ற ஊதியம் கொடுங்கள், ஊக்கத்தொகையை மட்டுமே நம்ப வைக்காதீர்கள் என்று சொல்லியிருக்கிறது. பிரேசிலில் இத்தகைய பணியாளர்கள் சம்பளம் வாங்கும் ஊழியர்கள். அங்கே 2011இல் வந்த கொள்கையின்படி ஒருவரிடம் அதிகபட்சம் 750 பேர்தான் ஒப்படைக்கப்பட்டார்கள். அப்படி இருந்தால்தான் ஒரு வீட்டில் அரை மணி நேரம் உட்கார முடியும்.

சம்பளத்தோடு இன்னொன்றும் வேண்டும். அவர்கள் அனுப்பி வைக்கும் நோயாளியை மருத்துவமனை மதித்துப் பார்க்க வேண்டும். “யார் அனுப்பியது?” என்று முகம் சுளித்தால், அடுத்த முறை அந்த வீட்டுக் கதவு அவருக்குத் திறக்காது.

அப்பாவை மீண்டும் அழைத்துப் போனபோது அக்காவும் கூட வந்தார். எத்தனை நாள் மாத்திரை விட்டுப்போனது என்று மருத்துவர் எங்களைக் கேட்டார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். “11 நாள் டாக்டர்” என்றார் அக்கா. மருத்துவர் அதை எழுதிக்கொண்டு, நாற்காலியை அக்கா பக்கம் திருப்பி, மற்றதையும் கேட்கத் தொடங்கினார்.