பாட்டுக்கு மேடை இருக்கிறது, நீச்சலுக்கு ஒரு பஸ்ஸாவது விடுங்கள்

நேற்று எங்கள் கல்லூரி முன்னாள் மாணவிகள் வாட்ஸ்அப் குழுவில் ஆண்டுக் கூட்டத்துக்கான அழைப்பு வந்தது. நிகழ்ச்சி நிரலில் வழக்கம்போல ‘முன்னாள் மாணவிகளின் இன்னிசை’. அதில் என் பெயரும் இருந்தது. சந்தோஷம்தான். ஆனால் அதைப் பார்த்ததிலிருந்து, படிக்கிற காலத்தில் நடந்த ஒரு விஷயம் திரும்பத் திரும்ப ஞாபகத்துக்கு வருகிறது. அதை எழுதிவிடலாம் என்றுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் படித்தது தென்மாவட்டத்தில் ஒரு பெண்கள் கல்லூரி. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. லைட் மியூசிக் குழுவில் இருந்தேன். எங்களுக்கென்று ஆர்மோனியம், தபேலாவோடு தனி அறை. ‘பிராக்டிஸ்’ என்று சொன்னால் கண்டிப்பான மேடம்கூட அட்டெண்டன்ஸ் போட்டுவிடுவார். கல்ச்சுரல்ஸுக்கு வெளியூர் போனால் கல்லூரி பஸ், துணைக்கு ஒரு ஆசிரியை. ராத்திரி பத்து மணிக்குத் திரும்பினாலும் ஹாஸ்டலில் சாப்பாடு மூடி வைத்திருப்பார்கள். ஜெயித்த கேடயங்களெல்லாம் முதல்வர் அறைக் கண்ணாடி அலமாரிக்குள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே பயந்த நான் இன்று அலுவலகத்தில் முப்பது பேர் உட்கார்ந்திருக்கும் மீட்டிங்கை நடத்துகிறேன் என்றால், அந்தக் குழு இல்லாமல் அது நடந்திருக்காது. அதை எந்த நாளும் மறக்க மாட்டேன்.

என் பெஞ்ச் தோழிக்கு ஊர் தாமிரபரணிக் கரை. ஐந்து வயதில் அவள் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி அப்பா கிணற்றில் இறக்கிவிட்டாராம். ஒரு விடுமுறைக்கு அவள் ஊருக்குப் போயிருந்தபோது பார்த்தேன். ஆற்றில் இறங்கினாள், தலை மட்டும் தெரிந்தது, அக்கரையில் ஒரு கல்லைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். மூச்சு வாங்கவில்லை. தாவணியைப் பிழிந்துகொண்டே, “பசிக்குது, வா” என்றாள். அவ்வளவுதான் அவளுக்கு அது.

இரண்டாம் ஆண்டில் பல்கலைக்கழக நீச்சல் போட்டிக்கான சர்க்குலர் விளையாட்டுத் துறை போர்டில் குத்தியிருந்தது. அவள் நேரே பி.டி. மேடத்திடம் போனாள், நானும் கூடப் போனேன். மேடம் முதலில் சிரித்தார்கள். அப்புறம், “அந்த டிரெஸ்ஸப் போட்டுட்டு அத்தனை பேர் முன்னால நிக்கப் போறியா? உங்க வீட்டுக்கு யார் பதில் சொல்றது?” என்றார்கள்.

“எங்க அப்பா சரின்னுட்டாங்க, மேடம்.”

“அப்பா சொன்னா போதுமா? காலேஜ் பேரு என்னாகும்?”

அவள் பதில் பேசவில்லை. மேஜை மேலிருந்த டென்னிகாய்ட் வளையத்தைக் கையில் எடுத்து, விரலால் சுற்றிச் சுற்றித் தேய்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தாள். வெளியே வந்ததும் நான்தான் அழுதேன். அந்த வருஷம் அவளைக் கல்லூரி நாள் கொயரில் சேர்த்தார்கள். உயரமாக இருப்பாள், பின்வரிசைக்கு ஆள் வேண்டியிருந்தது. பாட்டு அவளுக்கு வராது. வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு கடைசி வரிசையில் வாயசைத்துக்கொண்டு நின்றாள்.

அந்த மேடத்தை இன்று நான் குறை சொல்லவில்லை. அவர்களும் பயந்துதான் பேசினார்கள். பாட்டு கல்லூரிக்குப் பயன்படுகிறது. இறைவணக்கம் பாட வேண்டும், அமைச்சர் வந்தால் வரவேற்புப் பாட வேண்டும், பட்டமளிப்பு விழாவில் தமிழ்த்தாய் வாழ்த்து பாட வேண்டும். பாடுகிற பெண் எல்லா விழாவுக்கும் தேவைப்படுகிறாள். நீந்துகிற பெண்ணால் எந்த விழாவுக்கும் உபயோகம் இல்லை. அவள் நீந்துவது அவளுக்காக மட்டும்தான். அதனால்தான் அவளுக்கென்று கல்லூரியில் ஓர் இடம் உண்டாகவில்லை என்று நினைக்கிறேன்.

இத்தனைக்கும் நம் ஊரில் இந்த இரண்டும் பிரிந்தே இருந்ததில்லை. பாவை நோன்பு என்பது என்ன? விடியலில் ஒருத்தி இன்னொருத்தி வீட்டு வாசலில் நின்று எழுப்பி, கூட்டமாகப் பாடிக்கொண்டே நீராடப் போவது. முழுக்க முழுக்கப் பெண்பிள்ளைகள் சேர்ந்து நடத்தியது. இன்றும் மார்கழியில் பாடுகிறோம், ஒலிபெருக்கி வைத்துப் பாடுகிறோம். தண்ணீரை மட்டும் விட்டுவிட்டோம். கிணற்றிலும் ஆற்றிலும் பையன்களோடு சேர்ந்து குதித்த பெண் வயசுக்கு வந்த மறுநாளிலிருந்து கரையில் நின்று துணி துவைக்கிறாள். கற்றுக்கொண்டதும் போய்விடுகிறது. அடுத்த தலைமுறைக்குச் சொல்லித்தர அம்மாவுக்கே தெரியாது.

இதை ஏதோ பொழுதுபோக்குக் குறையாக எழுதவில்லை. 2004 டிசம்பர் 26-ஐ நினைத்துப் பாருங்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் சுனாமியில் இறந்தவர்கள் அரசுக் கணக்கில் பெண்கள் 2,406, ஆண்கள் 1,883. கடலூர் மாவட்டத்தில் இன்னும் மோசம், பெண்கள் 391, ஆண்கள் 146. பல காரணங்கள் உண்டு. ஆண்கள் பலர் படகில் கடலுக்குள் இருந்தார்கள், பெண்கள் மீன் வாங்கக் கரையில் காத்திருந்தார்கள், கையில் குழந்தைகள் இருந்தார்கள். அந்த அலைக்கு முன்னால் நீச்சல் தெரிந்தவர்களும் எத்தனையோ பேர் போனார்கள். ஆனாலும் கடலோரத்திலேயே பிறந்து வளர்ந்த பெண்களுக்கு நீந்தவோ மரமேறவோ தெரியாமல் இருந்ததும், காலைச் சுற்றிய சேலையும் அந்தக் கணக்கில் சேரும். 2022 ஜூனில் நெல்லிக்குப்பம் பக்கம் கெடிலம் ஆற்றுத் தடுப்பணையில் சிறுமிகளும் பெண்களுமாக ஏழு பேர் ஒரே நாளில் போனார்கள். 2023 பிப்ரவரியில் மாயனூரில் காவிரியில் நான்கு பள்ளி மாணவிகள். கால்பந்து ஆடிவிட்டுத் திரும்பிய பிள்ளைகள் அவர்கள்! ஓடவும் உதைக்கவும் பயிற்சி கொடுத்த நமக்கு, தண்ணீரில் மிதக்கச் சொல்லிக்கொடுக்கத் தோன்றவில்லை. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நீச்சல் வீராங்கனை நிஷா மில்லெட் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். ஐந்து வயதில் தண்ணீரில் மூழ்கப் பார்த்த குழந்தை. அதற்காகத் தண்ணீர்ப் பக்கமே போகாதே என்று வீட்டில் பூட்டி வைக்கவில்லை. அப்பா சென்னை ஷெனாய் நகரில் நீச்சல் பழக்கினார். 2000-ல் சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் நீந்தினார். எல்லோரும் ஒலிம்பிக் போக வேண்டாம். மூழ்காமல் கரைக்கு வந்தால் போதும்.

நான் நீச்சல் கற்றுக்கொண்டது 41 வயதில். குளத்தின் ஆழம் குறைந்த பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் நின்றேன். நான்காம் நாள் கோச் அக்கா, “நீங்க பாடுவீங்கன்னு சொன்னீங்களே, ஒரு வரிய இழுத்துப் பாடும்போது மூச்ச எப்படி விடுவீங்க? அதே மாதிரி தண்ணிக்குள்ள விடுங்க” என்றார். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மெல்ல, ஒரே சீராக, ஒரு சுரத்தை நீட்டிக் கார்வை பிடிப்பதுபோல ஊதினேன். காதோரம் குமிழ்கள் சடசடவென்று ஏறின. தலையைப் பக்கவாட்டில் திருப்பி ஒரு இழுப்பு, மறுபடி உள்ளே. இருபது வருஷம் மேடையில் பழகிய மூச்சு அன்றைக்கு என்னைத் தாங்கியது. கல்லூரி மியூசிக் அறையில் இருந்த பன்னிரண்டு பேரும் அந்த வயதிலேயே எவ்வளவு சுலபமாகக் கற்றிருப்போம் என்று அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன்.

வழக்கமாகச் சொல்லும் மறுப்புகள் எனக்குத் தெரியும். டிரெஸ் என்பார்கள். முழங்கை, முழங்கால் தாண்டி மூடுகிற நீச்சலுடை இன்று சாதாரணமாகக் கிடைக்கிறது. என் நீச்சல் பேட்ச்சில் பாதிப் பேர் அதைத்தான் போட்டார்கள். காட்டன் சுடிதாரோடு இறங்கினால்தான் ஆபத்து, தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும். மாதவிடாய் நாட்கள் என்பார்கள். அந்த நாட்களில் வேண்டாமென்றால் வர வேண்டாம், மாதவிடாய்க் கப் பயன்படுத்துகிறவர்கள் வரட்டும். பிள்ளை கறுத்துப் போவாள், மாப்பிள்ளை கிடைக்காது என்பார்கள். இதற்குப் பதில் சொல்லவே எனக்கு மனசு வரவில்லை.

செலவு என்பதுதான் யோசிக்க வேண்டிய மறுப்பு. 25 மீட்டர் குளம் என்றாலே சுமார் நான்கு லட்சம் லிட்டர் தண்ணீர், அதைச் சுத்திகரிக்க இயந்திரம், உயிர்காப்பாளர் சம்பளம். அரசு உதவியில் ஓடும் ஒரு கல்லூரியால் அது முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கட்டச் சொல்லி யார் கேட்டது? மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில், திருச்சி, பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கங்களில் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் குளங்கள் இருக்கின்றன. சென்னையில் 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டிய வேளச்சேரி வளாகம் இருக்கிறது. மெரினாவைப் பார்த்தபடி 1914-லிருந்து ராணி மேரிக் கல்லூரி நிற்கிறது, அதே சாலையில் மாநகராட்சியின் நீச்சல் குளமும் இருக்கிறது. பெண்களுக்கு மட்டும் ஒரு மணி நேரம், ஒரு பெண் பயிற்சியாளர், கல்ச்சுரல்ஸுக்குப் போகும் அதே பஸ். கல்லூரி கொடுக்க வேண்டியது இவ்வளவே. பிறகு லைட் மியூசிக் குழுவுக்குக் கிடைக்கிற அட்டெண்டன்ஸ் இந்தப் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும். இது சின்ன விஷயம் இல்லை. அட்டெண்டன்ஸ் கொடுத்தால்தான் வீட்டில் ‘காலேஜ்லயே சொல்லிட்டாங்க’ என்று ஒரு பெண்ணால் சொல்ல முடியும். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டுதான் நாங்கள் பாதிப் பேர் பாடவே போனோம்.

என் தோழி இப்போது அவள் ஊர்ப் பக்கமே அரசுப் பள்ளியில் ஆசிரியை. நேற்று ராத்திரி போன் பண்ணி, கூட்டத்துக்கு வருகிறாயா என்று கேட்டேன். “பாட்டுதானே, நீ பாடு” என்றாள். நான் பாடத்தான் போகிறேன். பாடி முடித்து மைக்கைக் கொடுப்பதற்கு முன்னால், சனிக்கிழமை காலையில் ஒரு பஸ், முதல் வருஷத்துக்கு இருபது பிள்ளைகள் என்று முதல்வரிடம் கேட்கப் போகிறேன். குளத்துக் கட்டணத்தை எங்கள் கல்லூரி பேட்ச் ஏற்றுக்கொள்ளும், ஏழு பேர் ஏற்கெனவே சரி சொல்லிவிட்டார்கள். அவளிடம் இதைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சு இல்லை. அப்புறம், “எந்தக் குளம்? எத்தனை அடி ஆழம்?” என்று கேட்டாள்.