போக்கியம் வேறு, கார் லீஸ் வேறு

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருந்த நேரத்தில், என் மனைவியின் தம்பி நான்கு பக்கத் தாள் ஒன்றைக் கொண்டுவந்து கையில் கொடுத்தான். திருப்பூரில் இருபது தையல் மெஷின்களை வைத்துப் பவர் டேபிள், அதாவது கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் யூனிட், நடத்துகிறவன் அவன். நான் பனியன் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதியே காலத்தை ஓட்டியவன் என்பதால், குடும்பத்தில் யார் எதில் கையெழுத்துப் போடுவதாக இருந்தாலும் தாள் முதலில் என்னிடம்தான் வரும். புதிய கார், முன்பணம் இல்லை, 48 மாதம், வரி உட்பட மாதம் 27,500 ரூபாய், இன்சூரன்சும் சர்வீசும் அதற்குள்ளேயே அடக்கம் என்று அந்தத் தாள் சொன்னது. நான் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே, "ஏனுங்க மச்சான், லீசுக்குத்தானே எடுக்கறோம், பணம் எங்கீங்க போயிரப் போகுது?" என்று கேட்டான்.

அந்தக் கேள்வியில்தான் சிக்கலே இருக்கிறது. நம் பக்கத்தில் லீஸ் என்ற சொல்லைக் கேட்டவுடன் மனதில் வருவது வீட்டுப் போக்கியம்: ஐந்து லட்சத்தை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, மூன்று வருடம் வாடகை இல்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது அதே ஐந்து லட்சத்தைத் திருப்பி வாங்கிக்கொள்வது. கார் லீசுக்கும் அதற்கும் பெயரைத் தவிர வேறு ஒற்றுமை கிடையாது. இது முழுக்க முழுக்க வாடகை. 48 மாதம் கட்டிய பிறகு சாவியைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வெளியே வர வேண்டும், அல்லது அவர்கள் சொல்லும் மீத விலையைக் கொடுத்து அதே வண்டியை வாங்கிக்கொள்ள வேண்டும். அதுவரை வண்டி லீஸ் கம்பெனிக்குத்தான் சொந்தம்.

கடன் வாங்கி வண்டி எடுப்பது கொங்கு நாட்டுக்காரனுக்குப் புதிதல்ல. ஜி.டி. நாயுடு 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பேருந்தை ஓட்டித்தான் தொழிலைத் தொடங்கினார். நாமக்கல், சங்ககிரி லாரிகளும் ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளும் ஃபைனான்சில் வாங்கப்பட்டு, ஓடி ஓடித் தங்கள் டியூவைத் தாங்களே கட்டிக்கொண்டவை. டயர் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் வரும், ஐந்து வருடம் கழித்து வண்டி என்ன விலைக்குப் போகும் என்பதையெல்லாம் லாரிக்காரர்கள் விரல்நுனியில் வைத்திருப்பார்கள். ஆனால் கார் சம்பாதிக்கிற வண்டி அல்ல, சாப்பிடுகிற வண்டி. லாரிக்குப் போடும் கணக்கைக் காருக்கு நம்மில் பலர் போடுவதே இல்லை. மாதத் தொகை கைக்கு அடங்குகிறதா என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

ஆகவே மைத்துனனை எதிரே உட்காரவைத்து, அந்தத் தாளின் பின்பக்கத்திலேயே கணக்கைப் போட்டேன். அவன் பார்த்துவைத்திருந்த கார் ஷோரூம் விலை 9,80,000 ரூபாய். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட வாழ்நாள் வரியின்படி ஐந்து முதல் பத்து லட்சம் வரையிலான காருக்கு 13 சதவீதம், அதாவது 1,27,400 ரூபாய். (பத்து லட்சத்தைத் தாண்டினால் அது 18 சதவீதம் ஆகிவிடும் என்பதால், இருபது முப்பதாயிரம் கூடக் கொடுத்து உயர்ந்த மாடலை எடுக்க நினைக்கிறவர்கள் வரியிலும் ஒரு பெருந்தொகை சேருவதைக் கவனிக்க வேண்டும்.) இன்சூரன்ஸ் முதலானவற்றைச் சேர்த்தால் வண்டி ரோட்டுக்கு வர 11,55,000 ஆகிறது. இதில் 3,55,000 ரூபாயைக் கையிலிருந்து போட்டு, மீதி எட்டு லட்சத்தை 9 சதவீத வட்டியில் நான்கு வருடக் கடனாக எடுத்தால் மாத டியூ 19,908 ரூபாய். 48 மாதத்தில் கட்டுவது ஏறக்குறைய 9,55,600. அடுத்த மூன்று வருட இன்சூரன்சுக்குத் தொண்ணூறாயிரம், சர்வீசுக்கும் டயருக்கும் எண்பதாயிரம் என்று தாராளமாகவே போட்டேன். முன்பணத்தை 7 சதவீதத்தில் வங்கியில் போட்டிருந்தால் கிடைத்திருக்கும் வட்டி ஒரு லட்சத்துப் பத்தாயிரம் என்பதையும் செலவாகவே எழுதினேன். எல்லாம் சேர்த்து 15,90,000 ரூபாய். நான்காம் வருட முடிவில் அந்த வண்டியைப் பழைய வண்டி வாங்கி விற்கும் கன்சல்டிங்கில் விட்டால் ஆறு லட்சம் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால், நிகரச் செலவு 9,90,000. லீசில் 27,500-ஐ 48-ஆல் பெருக்கினால் 13,20,000. வித்தியாசம் மூன்று லட்சத்து முப்பதாயிரம்.

"அப்போ வரி மிச்சமாகறதைக் கணக்குல சேத்தலீங்களே" என்று அவன் உடனே கேட்டான். லீஸ் விற்க வந்தவர் நன்றாகவே பாடம் எடுத்திருக்கிறார். அது நியாயமான கேள்விதான். சொந்தக் காருக்குத் தொழில் கணக்கில் தேய்மானம், அதாவது வண்டியின் விலையில் செலவாக எழுத அனுமதிக்கும் பங்கு, வருடத்துக்கு 15 சதவீதம், அதுவும் குறைந்துகொண்டே வரும் மதிப்பின்மேல். நான்கு வருடத்தில் மொத்தம் 48 சதவீதம்கூட எழுத முடியாது. லீஸ் வாடகையையோ, தொழிலுக்கு ஓடும் அளவுக்கு, முழுமையாகச் செலவில் காட்டலாம். தேய்மானம், வட்டி, பராமரிப்பு எல்லாம் சேர்த்துச் சொந்தக் காருக்கு ஏறக்குறைய 8,78,000 ரூபாயும், லீசுக்கு 13,20,000 ரூபாயும் செலவாக எழுதலாம். 30 சதவீத வரி கட்டுகிறவருக்கு லீசில் கூடுதலாக மிச்சமாவது ஒரு லட்சத்து முப்பதாயிரம் சொச்சம். அதைக் கழித்த பின்னும் லீசில் இரண்டு லட்சம் கூடவே போகிறது. நூறு ரூபாய் செலவழித்தால் முப்பது ரூபாய் வரி குறையும் என்பதற்காக அந்த நூறைச் செலவழிப்பதைத் தொழில் சாமர்த்தியம் என்று நினைக்கிறவர்களை எல்லா ஊர்களிலும் பார்க்கலாம். நம் ஊரில் மார்ச் மாதத்தில் கொஞ்சம் அதிகமாகவே பார்க்கலாம்.

விற்க வந்தவர் சொன்ன இன்னொன்று முழுத் தவறு: கட்டும் ஜிஎஸ்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமாம். ஓட்டுநரையும் சேர்த்து 13 பேர் வரை அமரும் பயணிகள் வண்டிக்கு அப்படிக் கட்டிய வரியை (உள்ளீட்டு வரி) திரும்ப எடுக்கச் சட்டத்திலேயே தடை இருக்கிறது; வாங்கினாலும் லீசுக்கு எடுத்தாலும் அதே தடைதான். வண்டி விற்பவர், டாக்சி ஓட்டுபவர், டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர் போன்றோருக்குத்தான் விலக்கு உண்டு. பனியன் தைப்பவருக்குக் கிடையாது. இதற்குள்ளே இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. லீஸ் வாடகைக்கு அந்தக் காருக்கு உரிய ஜிஎஸ்டி விகிதமே பொருந்தும். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு அது 18 சதவீதம், பெரிய கார்களுக்கு 40 சதவீதம். வங்கிக் கடனின் வட்டிக்கு ஜிஎஸ்டி கிடையாது, ஆனால் லீஸ் வாடகைக்குள் அடங்கியிருக்கும் வட்டிக்கும் லாபத்துக்கும் சேர்த்து அந்த வரியைக் கட்டுகிறோம். 27,500-இல் வரி மட்டும் 4,195 ரூபாய்.

மூன்றாம் பக்கத்தின் அடியில், எறும்பு ஊர்ந்ததுபோல் இருந்த எழுத்துகளில், வருடத்துக்கு 15,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடினால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 8 ரூபாய் என்று இருந்தது. மைத்துனன் வாரத்துக்கு மூன்று முறை கோவை போய்வருகிறான். போக வர நூற்றுப் பத்துக் கிலோமீட்டர் வைத்தாலும் அதுவே வருடத்துக்குப் பதினேழாயிரத்தைத் தாண்டிவிடும். குலதெய்வம் கோவில், பழனி, முகூர்த்த மாதங்களில் ஒரே நாளில் மூன்று கல்யாணம், சொந்தத்தில் ஒரு எழவு என்று நம் வீட்டுக் கார்கள் ஓடும் ஓட்டம் தனி. அவனுடைய பழைய வண்டியின் மீட்டரை வைத்துப் பார்த்தால் வருடத்துக்கு 24,000 வருகிறது. கூடுதலான 9,000 கிலோமீட்டருக்கு வருடம் 72,000, நான்கு வருடத்துக்கு 2,88,000 ரூபாய். அதிகம் ஓடினால் சொந்த வண்டிக்கும் விலை குறையும்தான், ஐம்பதாயிரமோ ஒரு லட்சமோ. மூன்று லட்சம் குறையாது. இதற்கு மேல், திருப்பிக் கொடுக்கும்போது கீறல், நசுங்கல், சீட்டுக் கறை ஆகியவற்றில் எது இயல்பான தேய்மானம், எது சேதம் என்பதை அவர்கள் அனுப்பும் ஆளே முடிவு செய்வார். பஞ்சும் துணிமூட்டையும் பின்சீட்டில் ஏறும் வண்டிக்கு அந்த ஆள் என்ன எழுதுவார் என்பதை ஊகிக்க முடிகிறது.

முதலை முடக்காமல் இருப்பதற்காகத்தான் லீஸ் என்ற வாதத்தைத்தான் நான் ஓரளவு மதிக்கிறேன். நம் ஊரில் சரக்கு போய்த் தொண்ணூறு நாள் கழித்துப் பணம் வருகிறது. மூன்றரை லட்சம் கையில் இருந்தால் நான்கு ஓவர்லாக் மெஷின் போடலாம், அல்லது இரண்டு வாரச் சம்பளத்துக்குப் பிறரிடம் போய் நிற்காமல் இருக்கலாம். ஆனால் அதற்கு வழி லீஸ் அல்ல, முன்பணத்தைக் குறைத்துக் கடனைக் கூட்டுவது. ஒரு சிறு தொழிலதிபருக்குக் கிடைக்கும் கடன்களிலேயே மலிவானவற்றில் ஒன்று கார் கடன்; வங்கி ஓவர்டிராஃப்டுக்கும் ஏலச்சீட்டில் தள்ளி எடுக்கும் பணத்துக்கும் அவன் கொடுக்கும் விலை அதைவிட அதிகம். அதுவும் ஒத்துவராவிட்டால் மூன்று வருடம் ஓடிய வண்டியை வாங்கலாம். முதல் மூன்று வருட விலை இறக்கத்தை வேறு யாரோ சுமந்து முடித்திருப்பார்கள், என்ஜின் நன்றாகவே இருக்கும். கவுரவத்தில் ஒரு படி குறையும், அவ்வளவுதான்.

லீஸ் யாருக்குமே ஆகாது என்று நான் சொல்ல வரவில்லை. கோவையில் சரவணம்பட்டிப் பக்கம் மென்பொருள் நிறுவனத்தில் நல்ல சம்பளம் வாங்கும் ஒருவருக்கு, நிறுவனமே காரை லீசுக்கு எடுத்துக் கொடுத்து வாடகையை வரிக்கு முந்தைய சம்பளத்திலிருந்து பிடித்தால், வருமான வரிக் கணக்கில் ஒரு சிறிய நிலையான தொகை மட்டுமே அவருடைய வருமானமாகச் சேரும். உச்ச வரம்பில் இருப்பவருக்கு அது உண்மையான லாபம். வேலை போனாலோ மாறினாலோ அந்த லீசை யார் ஏற்பது என்பதை மட்டும் அவர் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை கட்டாயம் புது வண்டி வேண்டும் என்கிறவருக்கும் கணக்கு ஏறக்குறையச் சரியாகிவிடும், ஏனென்றால் அவர் வாங்கினாலும் அதே விலை இறக்கத்தைச் சுமக்கத்தான் போகிறார்.

என்னை யோசிக்கவைப்பது மின்சாரக் கார்தான். பெட்ரோல் கார் நான்கு வருடம் கழித்து என்ன விலைக்குப் போகும் என்று நம் கன்சல்டிங்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். மின்சாரக் காருக்கு அப்படிச் சொல்ல அவர்களே தயங்குகிறார்கள். பேட்டரி ஒவ்வொரு வருடமும் மேம்படும்போது பழையதன் விலை எங்கே நிற்கும் என்ற ஆபத்தை லீஸ் கம்பெனியின் தலையில் கட்டுவது புத்திசாலித்தனம். வாடகைக்கு ஜிஎஸ்டியும் 5 சதவீதம்தான். 2024 செப்டம்பரில் எம்ஜி நிறுவனம் விண்ட்சர் காரை 9.99 லட்சத்துக்கும், பேட்டரியை மட்டும் கிலோமீட்டருக்கு 3.5 ரூபாய் வாடகைக்கும் அறிமுகப்படுத்தியபோது இந்த யோசனை கடைத்தெருவரைக்கும் வந்துவிட்டது. அங்கேயும் அதிகம் ஓடுகிறவர் வாடகையைப் பெருக்கிப் பார்த்துவிட்டே இறங்க வேண்டும்.

மைத்துனன் அன்று சாயங்காலம் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான். இரண்டாம் வருடத்தில் ஆர்டர் குறைந்து, வண்டியைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதைத் தொகையாக எழுதிக் கொடுக்கும்படி அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போடச் சொல்லியிருந்தேன். திங்கட்கிழமை காலையிலேயே அனுப்பிவிட்டான். அதன் பிறகு விற்பனைப் பிரதிநிதி மூன்று முறை போனில் கூப்பிட்டு எந்த நிறம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்; மின்னஞ்சலுக்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை.