கேம் கஷ்டமாகவே இருக்கட்டும், நடுவில் நிறுத்த விட்டால் போதும்

கேம் விளையாடுகிறவர்களைக் கேஷுவல், ஹார்ட்கோர் என்று இரண்டாகப் பிரிக்கிற பழக்கம் எங்கள் பக்கத்துப் பையன்களுக்கும் வந்துவிட்டது. இலங்கை மலையகத்தில், ஹட்டன் டவுனில் போன் திருத்துகிற எந்தக் கடை வாசலில் நின்றாலும் காதில் விழும். பப்ஜி என்கிற துப்பாக்கிச் சண்டை கேமில் ரேங்க் ஏற்றுகிற ஹார்ட்கோர்காரன் பெரிய ஆளாம். மிட்டாய்களைச் சேர்த்து உடைக்கிற கேண்டி கிரஷ் ஆடுகிற கேஷுவல்காரர்கள் எல்லாம் சும்மா பொழுதுபோக்குகிறவர்களாம்.

எங்கள் சித்தி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர். மலையில் இருந்து லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) வந்து, ஆக்கி வைத்து, எல்லாரும் சாப்பிட்ட பிறகு போனை எடுப்பார். கேண்டி கிரஷில் நாலாயிரமாவது லெவலை எப்போதோ தாண்டிவிட்டார். நான் பக்கத்தில் இருந்து "அந்தா, அதை உடைங்க சித்தி" என்றால், "அவசரப்படாதடா. கீழ இருந்து உடைச்சாத்தான் மேல உள்ளது தானா சேரும்" என்பார். ஐந்து உயிரும் போனால் ஒன்று திரும்பி வர அரை மணி நேரம் ஆகும். போனில் நேரத்தை முன்னால் தள்ளி வைத்து உயிர் எடுக்கிற வித்தையை எனக்குச் சொல்லித் தந்ததே அவர்தான். (அதில் ஒரு நாள் அலாரம் குழம்பி, நடுச்சாமத்தில் எழுந்து காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் புறப்பட்டது வேறு கதை.) இவரைப் போய்க் கேஷுவல் என்றால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

கம்பெனிகளுக்கு இந்த ஆட்களின் பெறுமதி நன்றாகவே தெரியும். கேண்டி கிரஷை 2012இல் வெளியிட்ட கிங் நிறுவனத்தை அக்டிவிஷன் பிளிசார்ட் 2016இல் வாங்கிய விலை 5.9 பில்லியன் டொலர். அதற்கு முன்பே நிண்டெண்டோவின் வீ என்கிற கேம் மெஷின், 2006இல் வந்தபோது கிழவிகளுக்கான பொம்மை என்று கேலி பேசப்பட்டு, கடைசியில் 10 கோடிக்கு மேல் விற்றது. ஆனால் பெறுமதி தெரிந்த அளவுக்கு மரியாதை இருக்கிறதா? பொறுமை இல்லாதவர்கள், காத்திருக்க வைத்தால் காசு கட்டுவார்கள் என்பதுதான் இவர்களைப் பற்றிய கணக்கு.

என்னைக் கேட்டால் இந்தப் பிரிவினைக்கும் திறமைக்கும் சம்பந்தமே இல்லை. இடைஞ்சல் இல்லாத நேரம் யாரிடம் இருக்கிறது என்பதுதான் விஷயம். இங்கே காற்றடித்தால் மரம் வயரில் விழும், கரண்ட் போகும். நல்ல மழை என்றால் சிக்னல் போகும். நைட் டேட்டா பெக்கேஜ் என்றால் அப்டேட் இறக்கவே இரவு பன்னிரண்டு மணி வரை முழித்திருக்க வேண்டும். ஒரே அறையில் தம்பி படிக்கிறான், அப்பா தூங்குகிறார், போனும் ஒன்றுதான். இந்த நிலைமையில் பப்ஜியின் எரங்கெல் மேப்பில் அரை மணி நேரம் நின்று பிடிப்பது எப்படி? நடுவில் போனால் புள்ளியும் குறையும், டீமில் இருப்பவன் வாயில் வந்ததையும் திட்டுவான்.

தோட்டங்களில் பப்ஜி மாதிரியான ஃப்ரீ ஃபயர் கேம் ஏன் இப்படிப் பரவியது என்று யோசித்தவர்களுக்கு இது புரியும். ஐம்பது பேர், பத்து நிமிடம் அளவில் ஆட்டம் முடியும், விலை குறைந்த போனிலும் ஓடும். கிராஃபிக்ஸ் சரியில்லை என்று நக்கல் அடிக்கிறவர்கள் அடிக்கட்டும். எங்களைப் போல ஆட்களின் போனையும் நேரத்தையும் பார்த்துச் செய்த கேம் அது.

எல்டன் ரிங் என்கிற படு கஷ்டமான கேம் 2022இல் வந்தபோது, அதைச் சுலபமாக்குகிற ஈசி மோட் வேண்டுமா வேண்டாமா என்று பெரிய சண்டை நடந்தது. நான் வேண்டாம் என்கிற கட்சி. அந்தப் பயமும் தோல்வியும்தான் அந்த கேம். எனக்குக் குறை வேறு இடத்தில். சாதாரணமாக அழுத்தி நிறுத்தி வைக்க ஒரு பட்டன் இல்லை. ஒன்லைன் கேம் என்பதால் முடியாது என்று சிலர் சமாளிப்பார்கள். ஒஃப்லைனில் ஆடினாலும் அதே கதைதானே? இதே கம்பெனி 2019இல் செய்த செகிரோ கேமில் நிறுத்த முடிகிறது, கஷ்டத்திலும் அது ஒன்றும் குறைந்ததில்லை. அப்படியென்றால் மனம் வைத்தால் முடியும்.

மனம் வைத்தவர்களும் இருக்கிறார்கள். செலஸ்ட் கேமில் வேகத்தைக் குறைத்து ஆடலாம். ஹேடிஸ் கேமில் கோட் மோட் என்கிற உதவியைப் போட்டால் ஒவ்வொரு முறை சாகும்போதும் நம் மேல் விழுகிற அடி இரண்டு சதவீதம் குறையும். வேண்டாதவன் தொடாமல் விடலாம், அவனுக்கு என்ன நட்டம்? ஸ்டார்டியூ வேலி என்கிற விவசாய கேம், கொம்பியூட்டரில் கேமுக்குள் படுத்துத் தூங்கினால்தான் சேவ் ஆகும். போனுக்குக் கொண்டுவந்தபோது விட்ட இடத்தில் இருந்தே தொடர்கிற மாதிரி மாற்றினார்கள். இதைத்தான் நான் கேட்கிறேன்.

மறுபக்கம், எல்லாருக்குமான கேம் என்று 2016இல் வந்த சூப்பர் மாரியோ ரன்னைப் பாருங்கள். ஒற்றைக் கையால் ஆடலாம், ஆனால் முழு நேரமும் இன்டர்நெட் வேண்டும். மாரியோ ஓடிக் குதிக்க எதற்கு டேட்டா?

எல்லாவற்றையும் விட எனக்கு எரிச்சல் தினமும் உள்ளே வந்தால்தான் பரிசு என்கிற டெய்லி லொகின், காசு கட்டி, கொடுத்த வேலையை முடித்துப் பரிசு எடுக்கிற பெட்டில் பாஸ் சமாச்சாரம்தான். இது தோட்டத்தில் பேர் போடுகிற (வேலைக்கு வந்த நாளைக் கணக்கில் எழுதுகிற) மாதிரியே இருக்கிறது. ஒரு நாள் வராவிட்டால் பரிசு இல்லை, நேரத்துக்கு முடிக்காவிட்டால் அரைப் பேர், அதாவது அரை நாள் கணக்கு. அங்கே சம்பளமாவது கொடுப்பார்கள், இங்கே பாஸுக்கு நாம்தான் காசு கட்ட வேண்டும். கேஷுவல் ஆளையும் ஹார்ட்கோர் ஆளையும் ஒரே வரிசையில் நிறுத்தி வேலை வாங்குகிற இடம் இதுதான்.

சரி, இவ்வளவும் வாசித்தவர்கள் ஒரு உதவி செய்யுங்கள். மூன்று ஜீபி ரேம் போனில் ஓடுகிற, இன்டர்நெட் கேட்காத, எந்த நேரமும் மூடி வைக்கக்கூடிய, ஆனால் மூளையைக் கசக்குகிற கேம் ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள். எனக்கில்லை, சித்திக்கு. ஈசியானதைச் சொல்லிவிடாதீர்கள், ஏச்சு எனக்குத்தான் விழும்.