துணி மடித்துக்கொண்டே படம் 'கேட்ட' விமர்சகருக்கு

அந்த சினிமா குழுவில் நடந்த கூத்தைப் பார்த்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று புரியும். பார்க்காதவர்கள் தேடிப் போக வேண்டாம், பிபிதான் ஏறும். 'வாயை மூடி பேசவும்' படத்துக்கு அந்தச் சகோதரர் கொடுத்த தீர்ப்பு, "செகண்ட் ஹாஃபில் ஒண்ணுமே இல்லை." கீழே கமென்ட்டில் அவரே பெருமையாகச் சொல்கிறார், துணி மடித்துக்கொண்டே ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டாராம்.

ஐயா, அந்தப் படத்தில் இடைவேளைக்கு அப்புறம் யாரும் பேசுவதே அபூர்வம். கதையே அதுதான். பனிமலை என்ற ஊரில் பேச்சை முடக்கும் ஒரு காய்ச்சல் வருகிறது, அரசாங்கம் பேசுவதற்கே தடை போடுகிறது. அதற்குமேல் முகமும் கையும்தான் வசனம். நீங்கள் வேட்டியின் மடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தால் அங்கே என்ன நடந்தது என்று எப்படித் தெரியும்? கண்ணை மூடிக்கொண்டு கோலத்தில் புள்ளி தப்பு என்பது போல இருக்கிறது.

பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள், ஆட்சேபணை இல்லை. ஆனால் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

2014இல் வந்த படம். பாலாஜி மோகன் இயக்கியது. இன்றைக்குத் துல்கர் துல்கர் என்று உருகுகிற பாதிப் பேருக்கு அவருடைய முதல் தமிழ்ப் படம் இதுதான் என்றே தெரியாது. எதையும் பேசியே விற்றுவிடுகிற சேல்ஸ்மேன் அவர். ஆட்கள் பேசுவதால்தான் இத்தனை பிரச்சினையும் என்று நினைக்கிற டாக்டர் நஸ்ரியா. இந்த இரண்டு பேர் வாயையும் கட்டிப்போட்டுவிட்டு, இப்போது காதலியுங்கள் பார்ப்போம் என்று விடுவதற்கு ஒரு தைரியம் வேண்டும். நடுவில் 'நியூக்ளியர் ஸ்டார்' என்ற பட்டத்தோடு படத்தில் வரும் நடிகரின் ரசிகர்கள், அவர்களோடு மல்லுக்கட்டும் குடிகாரர் சங்கம், சுகாதார அமைச்சராகப் பாண்டியராஜன். ஒண்ணுமே இல்லையாம்!

என் அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்காது. இந்தப் படத்துக்கு அவரைக் கூட்டிப் போயிருந்தேன். முதல் பாதி முழுக்க என் முழங்கையை இடித்து "என்ன சொன்னான்?" என்று கேட்டபடி இருந்தார். வழக்கம்தான். எல்லாரும் சிரித்து முடித்த பிறகு நான் காதோரம் சொல்வேன், அவர் தனியாகச் சிரிப்பார், பின்வரிசையில் யாராவது உச் கொட்டுவார்கள். இடைவேளைக்கு அப்புறம் இடிக்கவே இல்லை. தியேட்டர் சிரித்த அதே நொடியில் அவரும் சிரித்தார். ஒரு இடத்தில் எனக்குப் பிடிபடாத சைகையை, என் பக்கம் சாய்ந்து அவர்தான் எனக்குச் சொன்னார்! அந்த இரண்டாம் பாதியைத்தான் இவர் ஒண்ணுமே இல்லை என்கிறார்.

"நீளம் ஜாஸ்தி" என்பீர்கள். சரி, ஒத்துக்கொள்கிறேன், கத்தரித்திருக்கலாம். "ரசிகர் சண்டை காமெடி இழுவை" என்பீர்கள். இல்லை, அவ்வளவுதான். "அம்மா சென்டிமென்ட்டை வைத்து மடக்குகிறாய்" என்று ஒருவர் கிளம்புவார். ஆமாம், மடக்குகிறேன், இப்போது என்ன?

1987இல் வசனமே இல்லாமல் 'பேசும் படம்' வந்தது. அதைப் பற்றி யாராவது வாய் திறந்து குறை சொல்வார்களா? கேட்டால் அது கமல், அது கிளாசிக், அது வேறு. பாதிப் படம் பேசாமல் இருந்த இந்தச் சின்னப் படத்துக்கு மட்டும் டைரக்டருக்கு வசனம் எழுதச் சோம்பேறித்தனம். இதுவும் அங்கே வந்த கமென்ட்தான், நான் கட்டிவிடவில்லை.

2020இல் எல்லாரும் முகக்கவசம் மாட்டிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தபோது இதே படத்தின் துணுக்குகளைப் பகிர்ந்து "அப்பவே சொன்னாங்க பாரு" என்று சிலாகித்தவர்களை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதில் இரண்டு பேர் இப்போது அந்தப் பதிவில் "மொக்கை" என்று ஆமாம்சாமி போட்டிருக்கிறார்கள். ரசனையும் கூட்டம் பார்த்து மாறும் போல.

"ஒரு படத்துக்கு எதுக்கு இவ்வளவு டென்ஷன்?" என்று இன்பாக்ஸில் அறிவுரை சொல்ல வருபவர்களுக்கு: படத்துக்கு இல்லை. அன்று அம்மாவுக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன், அந்தப் பக்கம் என் தோழி. அம்மா சிரிப்பதைப் பார்த்து என்னைவிட அதிகம் சந்தோஷப்பட்டவள் அவள்தான். அந்தச் சகோதரரின் பதிவில் அவளுடைய சிரிப்பு எமோஜி இருக்கிறது. படம் பிடித்தது என்று அங்கே எழுதியிருக்கவே வேண்டாம், பேசாமலாவது போயிருக்கலாம்.